யாரிடமும் சொல்லும் முன்பே தொடங்கலாம்: பால்புதுமை இளையோர் தம்மை ஏற்கும் வழி

தன்பாலீர்ப்போ, இருபாலீர்ப்போ, திருநர் அடையாளமோ, இன்னும் எந்தச் சொல்லிலும் அடங்காத ஏதோ ஒன்றோ தனக்குள் இருக்கிறது என்று தெரியவந்ததும் பெரும்பாலான இளையவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் எப்படிச் சொல்வது?" என்பதுதான். அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய கேள்வி. தன்னை ஏற்பது ஒரு வேலை, பிறரிடம் சொல்வது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டால் சிக்கல் வருகிறது. சொன்னால்தான் நான் உண்மையாக இருப்பதாகும் என்று நினைத்து, பாதுகாப்பில்லாத இடத்தில் அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறார்கள் சிலர். சொல்லத் துணிவில்லையே, அப்படியானால் என்னை நான் ஏற்கவே இல்லை என்று தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள் வேறு சிலர். முதல் வேலையை இன்றைக்கே, ஒருவருக்கும் தெரியாமல் தொடங்கலாம். இரண்டாவதற்கு ஆள், இடம், நேரம், கையில் கொஞ்சம் பணம் எல்லாம் கூடிவர வேண்டும். இரண்டாவதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டாலும் முதல் வேலை கெட்டுப்போகாது.

உள்ளே கேட்கும் குரல் யாருடையது?

இப்படிப்பட்ட பால்புதுமை (குயர்) இளையோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகக் காணப்படுவது உண்மை. அதற்குக் காரணம் அவர்களுடைய ஈர்ப்போ பாலின அடையாளமோ அல்ல. இலான் மேயர் என்ற ஆய்வாளர் 1995இலும், பின்னர் விரிவாக 2003இலும் இதைச் 'சிறுபான்மை அழுத்தம்' என்று விளக்கினார். வெளியிலிருந்து வரும் கேலி, புறக்கணிப்பு, அடி ஒரு பக்கம். எப்போது வெறுக்கப்படுவோமோ என்று எதிர்பார்த்துக்கொண்டே இருப்பது, பேச்சையும் நடையையும் பார்வையையும் நாள் முழுக்கக் கண்காணித்து மறைப்பது, கேட்டுக் கேட்டுப் பழகிய இழிவைத் தன்னைப் பற்றிய உண்மையாகவே நம்பிவிடுவது ஆகியவை இன்னொரு பக்கம். இந்தக் கடைசி ஒன்றில்தான் நீங்கள் தனியாகவே கைவைக்க முடியும்.

அது எப்படி வேலை செய்கிறது என்று கிட்டத்தில் பாருங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வருகிறது. யாரோ ஒருவருடைய நடையைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். சிரிப்பு எமோஜிகள் வரிசையாக விழுகின்றன. நீங்களும் ஒன்று போடுகிறீர்கள். போட்டதும் போனைக் கவிழ்த்து வைக்கிறீர்கள், வயிறு இறுகுகிறது. அந்தச் சில விநாடிக்குள் "தெரிந்தால் என்னையும் இப்படித்தான்" என்ற ஒரு வாக்கியமும், அதன் பின்னாலேயே "நான் கேவலம்" என்ற இன்னொன்றும் ஓடி மறைகின்றன. இரண்டாவது வாக்கியம் உங்களுடையதாகத் தோன்றும். உண்மையில் அது இரவல்.

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் நடந்தது மட்டும்: ஒரு கேமரா அங்கே இருந்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அது. இரண்டாவதில் மனதில் எழுந்த வாக்கியம், அப்படியே, மெருகேற்றாமல். மூன்றாவதில் அந்த வாக்கியத்தை முதன்முதலில் யார் வாயிலிருந்து கேட்டீர்கள், உங்களுக்கு அப்போது எத்தனை வயது என்று. மூன்றாவது பத்தி சட்டென்று வராது, இரண்டு மூன்று நாள் காலியாகவே கிடக்கலாம். பிறகு ஒரு மாமாவின் குரலோ, ஓர் ஆசிரியரின் குரலோ, ஒரு நகைச்சுவைக் காட்சியோ நினைவுக்கு வரும். பத்து நிமிடம் போதும். வாரத்தில் ஐந்து நாள், இரண்டு வாரத்துக்கு எழுதிப் பாருங்கள்.

அடுத்த இரண்டு வாரம் நான்காவது பத்தி ஒன்றைச் சேருங்கள். இதே வாக்கியத்தை உங்களைவிட இரண்டு வயது இளைய, உங்களுக்குப் பிடித்த ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? அதை எழுதுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "நான் என்னை முழுமையாக நேசிக்கிறேன்", "நான் அற்புதமானவள்" என்று பெரிய வாக்கியங்களை எழுதித் தினமும் படிக்கிறார்கள். உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைவாக உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட வாக்கியங்கள் மனநிலையை இன்னும் கீழே இறக்கியது தெரியவந்தது. காரணம் எளிது: மனம் நம்பாத ஒன்றைச் சொன்னால், அது இல்லை என்பதற்கான சாட்சிகளை மனமே அடுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே நம்பக்கூடிய அளவுக்குச் சிறிதாக எழுதுங்கள். "இது நான் செய்த தப்பு இல்லை." "இதைச் சொன்னவருக்கு என்னைத் தெரியாது." இந்த அளவே போதும்.

மனதை மிகவும் அழுத்தும் ஒரு சம்பவத்தைப் பற்றி விரிவாக எழுத விரும்பினால், உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986 முதல் சோதித்துவரும் முறை இருக்கிறது: ஒரு நாளைக்கு 15 முதல் 20 நிமிடம், தொடர்ந்து மூன்று நான்கு நாள், எழுத்துப்பிழை பாராமல். எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் கனமாக இருப்பது இயல்பு. மறுநாள் வரை அது இறங்காமல் அதே எண்ணம் சுழன்றுகொண்டே இருந்தால் நிறுத்திவிடுங்கள். அப்போது எழுத்து உதவவில்லை, காயத்தைக் கிளறுகிறது. இன்னொன்று, எழுதிய தாள் வேறு ஆள் கையில் சிக்கலாம். பயன் எழுதுவதில் இருக்கிறதே தவிர சேர்த்து வைப்பதில் இல்லை. அந்தப் பயம் இருந்தால் அன்றன்றைக்கே கிழித்துப் போடுங்கள்.

பெயருக்கு அவசரமில்லை

யாரிடம் ஈர்ப்பு வருகிறது என்பது ஒன்று, உங்களை எந்தப் பாலினமாக உணர்கிறீர்கள் என்பது வேறொன்று. ஒன்றை வைத்து மற்றதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு திருநம்பிக்கு (பிறப்பில் பெண்ணெனக் குறிக்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவருக்கு) ஆண்களிடம் ஈர்ப்பு இருக்கலாம். ஒரு தன்பாலீர்ப்புப் பெண்ணுக்குத் தான் பெண் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் இருக்கலாம். யாரிடமும் பாலீர்ப்பே வராமலும் இருக்கலாம். இணையத்தில் கிடைக்கும் 'பத்துக் கேள்வியில் கண்டுபிடியுங்கள்' வகைத் தேர்வுகள் எதையும் அளப்பதில்லை. இன்று ஒரு சொல் பொருந்துகிறதா, வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் வேறு சொல் பொருந்தினால் மாற்றிக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சொன்னது பொய் என்று அதற்கு அர்த்தமில்லை.

போன் காட்டிக்கொடுக்காமல் இருக்க

திட்டமிடாமல் வெளிப்பட்டுப்போகும் சம்பவங்களுக்குப் போன் ஒரு பெரிய காரணம். அரை மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் சரிசெய்யுங்கள். பூட்டிய திரையில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாதபடி அறிவிப்பு அமைப்பை மாற்றுங்கள். புகைப்படங்கள் குடும்பத்தினர் பகிரும் கணக்குக்குத் தானாக ஏறுகின்றனவா என்று பாருங்கள். யூடியூபில் தேடியது வீட்டு டிவியில் பரிந்துரையாக வந்து நிற்பது அடிக்கடி நடப்பது. ஒரே கணக்கில் இரண்டையும் ஓட்டினால் அப்படித்தான் ஆகும். தனி மின்னஞ்சலில் தனிக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். அந்தக் கணக்கோடு உங்கள் போன் எண்ணை இணைக்காதீர்கள், தொடர்புப் பட்டியலைப் படிக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். அனுமதித்துவிட்டால் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று உங்கள் ரகசியக் கணக்கு சித்தப்பாவின் திரையில் போய் நிற்கும்.

டேட்டிங் ஆப்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே. வயதைக் கூட்டிச் சொல்லி நுழையும் சிறாரைத் தேடியே அங்கே சிலர் காத்திருக்கிறார்கள். 18 கடந்தவர்கள் தூரத்தைக் காட்டும் வசதியை அணைத்து வைக்க வேண்டும். நேரில் பார்க்கும் முன் ஒரு வீடியோ அழைப்பு அவசியம். முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், நீங்களே போய் நீங்களே திரும்பி வரக்கூடியபடி இருக்கட்டும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

படத்தையோ உரையாடலையோ காட்டி யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் தொகை ஏறும், மிரட்டல் நிற்காது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கணக்கின் பெயர், எண், நேரம் எல்லாவற்றையும் சேமித்த பிறகு தடை செய்யுங்கள். முதலில் தடை செய்துவிட்டால் சாட்சியம் கைநழுவிப் போகலாம். அந்தரங்கப் படம் பரவுமோ என்ற பயம் இருந்தால், 18 வயதுக்குள் எடுத்த படத்துக்கு 'டேக் இட் டவுன்', அதற்கு மேற்பட்டவர்களுக்கு 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற இலவசச் சேவைகள் இருக்கின்றன. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கருவியிலேயே படத்துக்கு ஒரு கைரேகை போன்ற குறியீடு உருவாகும், அது மட்டுமே போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தக் குறியீட்டை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

உடலோடு சமாதானம்

திருநர் இளையோருக்குக் கண்ணாடியும் குரலும் பெயர் கூப்பிடப்படும் நேரமும் தனி வேதனை. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாத நிலையிலும் சில சின்ன மாற்றங்கள் மனதுக்கு இடம் தரும்: விருப்பமான பெயரை ஒரு விளையாட்டுக் கணக்கில் வைத்துப் பார்ப்பது, நம்பிக்கையான ஒரு நண்பரை அந்தப் பெயரில் கூப்பிடச் சொல்வது, முடிவெட்டு, செருப்பு, பை, மணம்.

மார்பைத் தட்டையாக்க பைண்டர் என்ற இறுக்கமான உள்ளாடை அணிபவர்கள் அளவை உங்கள் அளவுநாடா சொல்கிறபடி எடுக்க வேண்டும். ஒரு சுற்று சின்னதாக வாங்கினால் கூடுதலாகத் தட்டையாகாது, விலா எலும்புதான் வலிக்கும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தூங்கும்போதும் கடுமையான உடற்பயிற்சியின்போதும் கழற்றிவிடுங்கள், வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள். க்ரேப் பேண்டேஜோ ஒட்டுநாடாவோ சுற்றவே கூடாது. மூச்சு விடும்போது அவை இன்னும் இறுகி, தோலையும் விலாவையும் பாதிக்கும். மூச்சுத்திணறல், மரத்துப்போதல், முதுகுவலி வந்தால் அந்த நிமிடமே கழற்றுங்கள்.

ஹார்மோன் மாத்திரைகளைத் தோழிகள் சொன்ன அளவில் தானாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்தானது. ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும். இரண்டுக்கும் முறையான இரத்தப் பரிசோதனை தேவை. அவசரப்படும் மனம் எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் இது மருத்துவர் இல்லாமல் நடக்கக் கூடாத காரியம்.

முதல் ஆளைத் தேர்ந்தெடுப்பது

பால்புதுமை இளையோரின் தற்கொலையைத் தடுக்க உழைக்கும் அமெரிக்க அமைப்பான ட்ரெவர் ப்ராஜெக்ட் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, தன்னை ஏற்கும் பெரியவர் ஒருவராவது இருக்கும் பால்புதுமை இளையோர், முந்தைய ஓராண்டில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்ன வாய்ப்பு 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரே ஒருவர் போதும் என்பதைக் கவனியுங்கள். அந்த ஒருவர் அம்மா அப்பாவாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. அக்கா, அத்தை, ஆசிரியர், பயிற்சியாளர், நண்பனின் தாய் என யாராகவும் இருக்கலாம்.

மிக நெருக்கமானவரைத்தான் பலரும் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைவிட முக்கியம், அவர் வாய் காப்பவரா என்பது. வேறு ஒருவருடைய ரகசியத்தை உங்களிடம் கதையாகச் சொன்னவர், உங்களுடையதையும் யாரிடமாவது சொல்வார். தேர்ந்தெடுத்த பிறகு சோதித்துப் பாருங்கள். செய்தியில் வந்த ஒரு பால்புதுமையர் திருமணத்தையோ, ஒரு திருநங்கை அதிகாரியையோ பற்றிச் சாதாரணமாகப் பேச்சை எடுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதோடு முகம் எப்படிப் போகிறது என்பதையும் கவனியுங்கள். "எனக்குப் புரியல, ஆனா அவங்க வாழ்க்கை" என்று ஒருவர் சொன்னால், அது நல்ல அறிகுறி. எல்லாம் தெரிந்தவரைத் தேட வேண்டியதில்லை.

சொல்வதற்கு ஐந்தாறு வாக்கியம் போதும், முன்கூட்டியே எழுதி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இந்த மாதிரி: "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். நீங்க எதையும் சரிசெய்ய வேண்டாம், கேட்டா போதும். எனக்குப் பெண்கள்மேலதான் ஈர்ப்பு. ரொம்ப நாளா தெரியும். இதை அம்மாகிட்டயும் மாமாகிட்டயும் சொல்ல வேண்டாம், நானே சொல்லும்வரைக்கும். கேள்வி இருந்தா கேளுங்க, எல்லாத்துக்கும் இன்னைக்கே பதில் சொல்ல முடியாம இருக்கலாம்." யாரிடம் சொல்லக்கூடாது என்று பெயரோடு சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றால், "வீட்டில் எல்லாரும் ஒன்றுதானே" என்று நினைத்துச் சொல்லிவிடுவார்கள். கெட்ட எண்ணம் இல்லாமலே இது நடக்கும்.

சண்டைக்கு நடுவில் சொல்லாதீர்கள். கல்யாணப் பேச்சு சூடாக நடக்கும்போது எதிர்வாதமாக வீசாதீர்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் வேண்டாம், ஓடும் வண்டிக்குள்ளும் வேண்டாம். எழுந்து போக வழியுள்ள இடம் தேவை. அவருடைய முதல் பதிலைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பல ஆண்டுகள் யோசித்ததை அவர் அப்போதுதான் கேட்கிறார். மௌனமாக எழுந்து போனவர்கள் பத்து நாள் கழித்துத் தானாகவே வந்து பேசியதும் உண்டு.

வீட்டில் சொல்லும் முன்

கல்விக் கட்டணம், சாப்பாடு, படுக்க இடம் மூன்றுக்கும் வீட்டையே நம்பியிருக்கிறீர்களா? வீட்டில் கை நீட்டும் பழக்கம் உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் இப்போதைக்குச் சொல்லாமல் இருப்பதில் கோழைத்தனம் எதுவும் இல்லை, அது கணக்கிட்ட முடிவு. சொல்வதென்று முடிவெடுத்தால், நிலைமை மோசமாகும் என்று எதிர்பார்த்தே தயாராகுங்கள். சான்றிதழ்கள், அடையாள அட்டைகளின் நகல் இணையத்திலும் நம்பகமான ஒருவரிடமும் இருக்கட்டும், முடிந்தால் அசலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சில இரவுகள் தங்க ஓர் இடத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். உங்கள் பெயரில் மட்டும் கொஞ்சம் பணம், தினமும் சாப்பிடும் மருந்து, சார்ஜர். போன் பறிக்கப்படலாம் என்பதால் இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இன்றைக்கு யாருக்கும் எண் மனப்பாடமில்லை, அதனால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

மாற்றிவிடுகிறேன் என்பவரிடமிருந்து விலகுங்கள்

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. திருநர் அடையாளமும் 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த, அந்த நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடியின் 11ஆம் பதிப்பில் மனநோய்ப் பிரிவிலிருந்து வெளியே வந்தது. நோயில்லாததற்குச் சிகிச்சை இல்லை. ஊசி, மாத்திரை, பூஜை, பிரார்த்தனை, ஆலோசனை என்று எந்தப் பெயரில் வந்தாலும், பாலீர்ப்பை மாற்றும் முயற்சி பலன் தராது, ஆழமான காயத்தையே தரும். உலக உளமருத்துவச் சங்கம் 2016இல் இதை வெளிப்படையாகவே கண்டித்தது.

கவுன்சலரிடம் முதல் அழைப்பிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். பால்புதுமையருடன் இதற்கு முன் வேலை செய்திருக்கிறீர்களா? ஈர்ப்பை மாற்ற முடியும் என்று நினைக்கிறீர்களா? நான் சொல்வதை எந்தச் சூழலில் என் பெற்றோரிடம் சொல்வீர்கள்? இரண்டாவதற்கு "முயற்சி செய்யலாம்" என்று பதில் வந்தால் அழைப்பை முடித்துவிடுங்கள். மூன்றாவதற்கு நேர்மையான பதில், உயிருக்கு ஆபத்து, வன்கொடுமை போன்ற சில விதிவிலக்குகளை விளக்குவதாக இருக்கும். "எதையுமே சொல்லமாட்டேன்" என்று சும்மா உறுதி தருபவரும் சரியில்லை. இரண்டு மூன்று அமர்வுக்குப் பிறகும் நீங்கள்தான் அவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் வேறொருவரைத் தேடுங்கள்.

உயிர்மேல் வெறுப்பு வரும் நேரத்துக்கு

இதை மனம் தெளிவாக இருக்கும் நாளில் எழுதி வைக்க வேண்டும். ஸ்டான்லி, பிரவுன் என்ற உளவியலாளர்கள் இருவர் வகுத்த பாதுகாப்புத் திட்டம் ஆறு படிகள் கொண்டது, ஒரே பக்கத்தில் அடங்கும். நிலைமை மோசமாகிறது என்பதற்கு உங்களுக்கே தெரிந்த முன்னறிகுறிகள்: இரண்டு இரவு தூக்கமின்மை, போனை எடுக்காமலிருப்பது, "எல்லாருக்கும் பாரம்" என்ற எண்ணம். பிறகு தனியாகவே செய்யக்கூடியவை. அதன்பின், எதுவும் சொல்லாமல் சும்மா உடனிருக்கக்கூடிய ஆட்களும் இடங்களும். நான்காவதாக, வெளிப்படையாக உதவி கேட்கக்கூடிய இரண்டு பேர். ஐந்தாவதாக, மருத்துவர் எண், நெருக்கடி உதவி எண். 'ஃபைண்ட் எ ஹெல்ப்லைன்' தளத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்தால் அங்கே இயங்கும் எண்கள் கிடைக்கும். கடைசியாக, ஆபத்தான பொருள்களை எட்டாத தூரத்துக்கு அனுப்புவது, அவற்றை வேறொருவரிடம் ஒப்படைப்பது. இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தவிப்பின் உச்சம் பெரும்பாலும் நீண்ட நேரம் நிற்பதில்லை. அந்த நேரத்தைக் கடக்கவிடுவதுதான் உயிரைக் காக்கிறது. இப்போதே அந்த நிலையில் இருந்தால் ஐந்தாவது படியிலிருந்து தொடங்குங்கள், தனியாக இருக்காதீர்கள்.

இதைப் படிப்பவர் பெற்றோரென்றால்

ஆய்வாளர் கெய்ட்லின் ரயன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வளரிளம் பருவத்தில் குடும்பத்தின் கடுமையான நிராகரிப்பைச் சந்தித்த தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு இளையோர், நிராகரிப்பே இல்லாத அல்லது குறைவாக இருந்த குடும்பத்துப் பிள்ளைகளைவிடத் தற்கொலைக்கு முயன்றிருக்கும் வாய்ப்பு 8.4 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. பிள்ளை சொன்ன அன்று உங்களுக்கு எல்லாம் புரிந்தாக வேண்டியதில்லை. "சொன்னது நல்லது. எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும். நீ எங்க பிள்ளைதான்" என்று சொல்லுங்கள். அன்றிரவு சாப்பாட்டுக்கு வழக்கம்போல் கூப்பிடுங்கள், போனைப் பிடுங்காதீர்கள், உறவினர் யாருக்கும் அழைத்துப் பேசாதீர்கள். "எப்போதிலிருந்து, யார் கற்றுக்கொடுத்தது" என்ற கேள்விகளை விட்டுவிட்டு, "பள்ளியில் யாராவது தொந்தரவு பண்றாங்களா?" என்று முதலில் கேளுங்கள். பதில் ஆமென்றால், அடுத்த நாள் காலையில் செய்ய வேண்டிய வேலை உங்களுக்கு இருக்கிறது.